வீட்டு டார்க்ரூமுக்கு ரசாயனம் வாங்குவதும் கலப்பதும்: வடசென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது எடுத்த ஒரு ரோல் எனக்கு முழுக்க வெறுமையாக வந்தது. முப்பத்தாறு பிரேமில் ஒன்றுகூட இல்லை. டேங்கைத் திறந்து ரீலிலிருந்து பிலிமை உருவினால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. கேமராவில் பிலிம் ஓடவே இல்லையோ என்றுதான் முதலில் பதறினேன். பிறகு ஓரத்தைப் பார்த்தேன். பிரேம் எண்களும் பிலிமின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். அவையும் இல்லை.

இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்துவிடுகிறார்கள், கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து கறுப்பாகத் தெரிந்து படம் மட்டும் இல்லையென்றால் கோளாறு கேமராவில். எழுத்தும் இல்லையென்றால் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் வேலை செய்யவில்லை, அல்லது ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும் பிக்சரை முதலில் ஊற்றிவிட்டோம். நான் வரிசையை மாற்றவில்லை. பவுடர் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் படித்தபோதுதான் புரிந்தது. டெவலப்பர் கலக்க நான் கேட்டது சோடியம் சல்பைட், கையில் இருந்தது சோடியம் சல்பேட். கடைக்காரர் தப்பாகக் கொடுத்தார், நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன்.

டெவலப்பர் கலப்பது கஷ்டமான வேலை இல்லை. ரசம் வைக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். ஆனால் சரியான பெயரில் சரியான பொருளை வாங்குவதும், நம் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் சமாளிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டியவை. வெளிநாட்டுப் புத்தகங்கள் இருபது டிகிரி குழாய்த் தண்ணீரை வைத்து எழுதப்பட்டவை. புது வண்ணாரப்பேட்டையில் மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்தால் சுடும். அதனால் இந்த ஊரில் உட்கார்ந்து செய்கிறவருக்காக எழுதுகிறேன். கறுப்பு வெள்ளை பிலிமுக்கு மட்டும்.

பெயர்களைப் பிரித்தறிவது

நமக்கு வேண்டியது சோடியம் சல்பைட், அதிலும் அன்ஹைட்ரஸ், அதாவது நீர் சேராதது. சோடியம் சல்பேட் வேறு பொருள், டெவலப்பரில் சல்பைட் செய்யும் வேலையை அது செய்யாது. சோடியம் சல்பைடு மூன்றாவது. அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு விடும், வீட்டுக்குள்ளேயே வேண்டாம். தமிழில் எழுதினாலும் கடை இரைச்சலில் சொன்னாலும் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும்.

பெயரை நம்பாமல் லேபிளில் உள்ள சூத்திரத்தைப் பாருங்கள். சோடியத்துக்குப் பின்னால் எஸ் ஓ 3 என்று முடிந்தால் சல்பைட். எஸ் ஓ 4 என்றால் சல்பேட். வெறும் எஸ் என்றால் சல்பைடு. எஸ் 2 ஓ 3 என்றால் அது தியோசல்பேட், நாம் ஹைப்போ என்று சொல்வது. எஸ் 2 ஓ 5 என்றால் மெட்டாபைசல்பைட்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் கிடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் லேசான டீ நிறம் வரும். அதில் ஒரு சிட்டிகை பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். சல்பைட்டாக இருந்தால் நிறம் உடனே மறையும், சல்பேட் என்றால் அப்படியே நிற்கும். ஹைப்போவும் நிறத்தைப் போக்கும், ஆனால் அது பெரும்பாலும் கற்கண்டு மாதிரி படிகமாக வருவதால் குழப்பம் குறைவு. சல்பைட் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றுபட்டு மெல்ல மெல்லச் சல்பேட்டாக மாறிவிடும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் வேறு. அதனால் பழைய டப்பாவிலிருந்து எடுக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்கிறேன். அரை நிமிட வேலை, ஒரு ரோலைக் காப்பாற்றும்.

எங்கே வாங்குவது

பாரிமுனையைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுன், பார்க் டவுன் தெருக்கள்தான் நமக்குக் களம். மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். கோவிந்தப்ப நாயக்கன் தெரு, நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம் கெமிக்கல் கடைகள் உண்டு. காலை பதினோரு மணிக்குள் போனால் கடைக்காரருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும். லேப் கெமிக்கல் விற்கிற கடை எது என்று விசாரித்துப் போங்கள். மூட்டைக் கணக்கில் விற்கிற கடையில் அரைக் கிலோ கேட்டால் அவர்களுக்கும் சிரமம்.

கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். கேட்பது நல்லது. டெவலப்பரின் முக்கியப் பொருளான மெட்டால் கேட்டு நான் முதல் தடவை போனபோது பெரியவர் ஒருவர் இருந்தார்.

"மெட்டாலா? காலேஜ் லேபுக்கா தம்பி?"

"இல்லண்ணே, போட்டோ கழுவறதுக்கு."

"இன்னும் கழுவுறாங்களா!" என்று எழுந்து உள்ளே போய், மேல் ஷெல்பிலிருந்து தூசி தட்டி ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து வந்தார். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றார். ஊட்டியில் அரசாங்கத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

எழுதிக் கொண்டு போக வேண்டியவை: மெட்டால் 100 கிராம், சோடியம் சல்பைட் அன்ஹைட்ரஸ் 500 கிராம் பாட்டில் இரண்டு, ஹைப்போ 1 கிலோ. தரத்தில் எல்.ஆர்., அதாவது சாதாரண லேப் தரம் போதும். அதைவிடச் சுத்தமான ஏ.ஆர். தரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு நெகட்டிவில் தெரியாது. தொழிற்சாலைத் தரச் சல்பைட் விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம், அதில் இரும்பு முதலிய அசுத்தம் இருக்கலாம். பில் வாங்குங்கள், மூடி சீல் உடையாததாகப் பார்த்து வாங்குங்கள். மெட்டால் வெள்ளையாகவோ மிக லேசான சாம்பல் நிறமாகவோ இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹைப்போவுக்குப் பாரிமுனை வரை போகவும் தேவையில்லை. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் தொட்டித் தண்ணீரின் குளோரினைப் போக்க விற்கும் படிகம் இதே சோடியம் தியோசல்பேட்தான். நிறம் கலக்காத, தெளிந்த படிகமாகப் பார்த்து வாங்கினால் பிக்சருக்கு நன்றாக வேலை செய்கிறது, நானே பயன்படுத்தியிருக்கிறேன்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப் பாத்துக்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட் தேடி அலையாதீர்கள். தோலை வெந்துபோக வைக்கும் அமிலத்தை ஒண்டுக்குடித்தன வீட்டில் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். அதுவே போதும்.

தராசும் தண்ணீரும்

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னப் பாக்கெட் தராசு, 0.01 கிராம் காட்டுவது, ஒன்று வேண்டும். ஸ்பூன் கணக்கு சல்பைட்டுக்கு ஒருவேளை சரிப்படும், மெட்டாலுக்குச் சரிப்படாது. தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், ஏறத்தாழ 7.7 கிராம் காட்ட வேண்டும். மாவு கிளறும் கரண்டி, டம்ளர் எதையும் சமையலறையிலிருந்து எடுக்க வேண்டாம். ஈவினிங் பஜாரில் பிளாஸ்டிக் ஜக்கு, புனல், அளவுக் குவளை எல்லாம் வாங்கி, டார்க்ரூமுக்கென்று தனியாக ஒரு கூடையில் வைத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சல்பைட்டோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படிந்து நெகட்டிவில் ஒட்டும். கலப்பதற்கு கேன் வாட்டர். கழுவுவதற்கு மெட்ரோ வாட்டர், அதாவது மாநகரக் குடிநீர் வாரியத் தண்ணீர். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினால் பல ரோலுக்கு வரும்.

டெவலப்பர்: டி-23

முதல் டெவலப்பராக நான் சொல்வது டி-23. கோடாக் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஹென், கிராப்ட்ரீ இருவரும் 1944-இல் வெளியிட்டது. இரண்டே பொருள். ஒரு லிட்டருக்கு:

மெட்டால் 7.5 கிராம்
சோடியம் சல்பைட் அன்ஹைட்ரஸ் 100 கிராம்
தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர்

மெட்டால்தான் ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுகிறது. சல்பைட் இரண்டு வேலை செய்கிறது. காற்று மெட்டாலைக் கெடுக்காமல் காக்கிறது, மெட்டாலுக்கு வேண்டிய லேசான காரத்தன்மையையும் தருகிறது. மெட்டால் என்று நாம் வாங்கும் உப்பைத் தனியே கரைத்தால் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும், அந்த நிலையில் அது வேலை செய்யாது. என் காசிமேட்டு ரோல் ஏன் வெறுமையாக வந்தது என்பதற்கு விளக்கம் இதுதான். சல்பேட் கரைந்த தண்ணீரில் காரம் இல்லை, மெட்டால் சும்மா கிடந்திருக்கிறது.

கலக்கும் முறை. முகத்துக்கு மாஸ்க், கைக்கு நைட்ரைல் கையுறை. மெட்டால் பலருக்குத் தோலில் அரிப்பும் சொறியும் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் சல்பைட் தூளை மூச்சில் இழுக்காமல் கவனமாக இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள், எடை போட்டு முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

750 மில்லி தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விரல் வைத்தால் பொறுக்க முடியாத, ஆனால் கொதிக்காத சூடு. நிறுத்து வைத்த சல்பைட்டிலிருந்து ஒரு சிட்டிகை மட்டும் முதலில் போடுங்கள். பிறகு மெட்டால் முழுவதும். அது கடைசித் துகள் வரை கரையும்வரை பொறுமையாகக் கிளறுங்கள். அதற்குப் பிறகுதான் மீதிச் சல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரைய மறுத்து வெள்ளையாக மிதக்கும். சல்பைட்டே இல்லாத தண்ணீரில் மெட்டால் காற்றுபட்டு நிறம் மாறத் தொடங்கும். முதலில் போடும் அந்தச் சிட்டிகை, அதைக் காக்கத்தான்.

தெளிந்ததும் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, ஆறவிட்டு, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள். பயன்படுத்தப் பயன்படுத்த மட்டம் இறங்கினால் நன்றாகக் கழுவிய கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை மேலே கொண்டுவாருங்கள். காற்றுக்கு இடம் கொடுக்காததுதான் குறி. நிறைந்த பாட்டில் எனக்கு ஆறு மாதம் வரை நின்றிருக்கிறது. டீ நிறமாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் எக்காரணம் கொண்டும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பெயர், தேதி, விஷம் என்ற மூன்றும் பாட்டிலில் பெரிதாகத் தமிழில் இருக்கட்டும்.

கை பழகியபின் டி-76 செய்யலாம். மெட்டால் 2 கிராம், சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெங்காரம் (போராக்ஸ்) 2 கிராம், ஒரு லிட்டருக்கு. கரைக்கும் வரிசையும் இதுவே. பிலிம் டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் இதற்கு இருக்கும் என்பது ஒரு வசதி.

ஸ்டாப் பாத்

சிட்ரிக் ஆசிட் 15 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். அன்றன்றைக்குத் தேவையானதைக் கலந்து, வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும்.

பிக்சர்

ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டுவிட்டார், புகைப்படம் பிறப்பதற்கு முன்பே. இருநூறு வருடம் கழித்தும் அதே பொருளைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஹைப்போ படிகம் 250 கிராம்
சோடியம் சல்பைட் 15 கிராம்
தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர்

படிகமாக இல்லாமல் தூளாக, அன்ஹைட்ரஸ் என்று எழுதியிருந்தால் 160 கிராம் போதும். படிகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். கரைக்கும்போது பாத்திரம் சில்லென்று ஆகும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குங்கள். பிக்சரில் நேரடியாக அமிலம் ஊற்றாதீர்கள். பால் திரிவதுபோலத் திரிந்து கந்தகம் பிரியும். அதனாலேயே ஸ்டாப் பாத்துக்குப் பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் பிக்சர் ஊற்றச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம்? பிலிம் முனையில் வெட்டிய துண்டை வெளிச்சத்திலேயே பிக்சரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மடங்கு. மூன்று நிமிடத்தில் தெளிந்தால் ஆறு நிமிடம். புதிதாகக் கலந்தபோது எடுத்த நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். தெளியும் நேரம் அதைப்போல் இரண்டு மடங்கானால் அந்தப் பிக்சரின் ஆயுள் முடிந்தது.

இன்னொரு துண்டை டெவலப்பரிலும் போடுங்கள். இரண்டொரு நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் ரோலைத் தொடாதீர்கள். இதை அன்றைக்கே செய்திருந்தால் மீன் ஏலம் என்னிடம் இருந்திருக்கும்.

வெயிலோடு போராடுவது

இருபது டிகிரிக்கு ஆசைப்படாதீர்கள். இருபத்துநான்குக்கு இறக்கினால் போதும், அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். டெவலப்பர், ஸ்டாப், பிக்சர், அலசும் தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். இருபத்துநான்கு டிகிரி டெவலப்பரிலிருந்து எடுத்து முப்பத்துமூன்று டிகிரி குழாய்த் தண்ணீரில் போட்டால் பிலிமின் ஊறிய ஜெலட்டின் பூச்சில் சுருக்கம் விழுந்து, காய்ந்த ஏரி மண் மாதிரி வெடிப்பு தெரியலாம். அதைச் சரிசெய்யவே முடியாது.

நான் செய்வது இது. முதல்நாள் இரவே அலசும் தண்ணீரை மண்பானையில் ஊற்றி வைத்துவிடுவேன். காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊர் என்பதால் சில டிகிரிதான் குறையும், அந்தச் சில டிகிரியே உதவி. பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, எல்லா பாட்டில்களையும் டேங்கையும் அதில் நிற்க வைத்து, ஐஸ் போடுவேன். பிரீசரில் உறைய வைத்த வாட்டர் பாட்டில்கள் சுத்தம். அவை போதாத நாளில் மீனுக்குப் போடும் கட்டி ஐஸ் வாங்கி வருவதுண்டு, அது டப்புக்குள் மட்டும், கரைசலுக்குள் ஒரு துண்டுகூட விழக்கூடாது. தெர்மாமீட்டர் டப்பில் இல்லை, டெவலப்பருக்குள் இருக்க வேண்டும்.

சூடு கூடினால் நேரம் குறையும். இருபதில் பத்து நிமிடம் என்றால் இருபத்துநான்கில் ஏறத்தாழ ஏழு. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப் சீராக விழாது, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் டி-23-ஐ அதே அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்கி, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது நம் ஊருக்குப் பொருத்தம். நேரம் நீளும், கையில் வசதி கிடைக்கும். நானூறு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) பிலிமுக்கு இருபத்துநான்கு டிகிரியில் எட்டரை நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள். நெகட்டிவ் மெலிந்திருந்தால் அடுத்த ரோலுக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், அடர்ந்திருந்தால் குறையுங்கள்.

ஓட்டும் முறை

பிலிமை சேஞ்சிங் பேக்கில், அதாவது கை மட்டும் நுழையும் ஒளிபுகாப் பையில், ரீலில் ஏற்றி டேங்கை மூடுங்கள். டெவலப்பர் ஊற்றி முதல் அரை நிமிடம் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு கவிழ்ப்பு. ஒவ்வொரு முறையும் டேங்கை டப்பில் மெதுவாகத் தட்டி குமிழியைப் போக்குங்கள். ஸ்டாப் அரை நிமிடம். ஓர் அலசல். பிக்சர், நீங்கள் கணக்கிட்ட நேரம்.

கழுவக் குழாயை அரைமணி திறந்துவிட வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருவில் அது மனசுக்கும் ஒப்பாது. பிலிம் தயாரிக்கும் இல்போர்டு நிறுவனம் சொல்லும் முறை ஒன்று உண்டு. டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டு. மறுபடி நிரப்பிப் பத்து தடவை. மறுபடி இருபது தடவை. நம் சாதாரண ஹைப்போவுக்கு நான் இன்னும் இரண்டு நிரப்பல் சேர்த்துக்கொள்கிறேன். சர்ஜிகல் கடையில் கிடைக்கும் எக்ஸ்ரே பிக்சர் பவுடரைப் பயன்படுத்தினால் அதில் பெரும்பாலும் ஜெலட்டினை இறுக்கும் படிகாரம் இருக்கும். வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் கழுவ இன்னும் நேரம் எடுக்கும். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முக்கு. விசிறி போடாமல், குளித்து முடித்த ஈரக் குளியலறையில் தொங்கவிட்டால் தூசி ஒட்டாது.

கழிவு

பயன்படுத்திய டெவலப்பரும் ஸ்டாப் பாத்தும் கொஞ்ச அளவுதான். நிறையத் தண்ணீரோடு பாதாளச் சாக்கடை இணைப்பில் விடலாம். மழைநீர் வடிகாலில் கூடாது. பிக்சர் அப்படியில்லை. நம் படங்களில் கரைந்த வெள்ளியெல்லாம் அதில்தான் இருக்கிறது, கரைந்த வெள்ளி நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. பக்கிங்காம் கால்வாயில் விட்டது எண்ணூர் முகத்துவாரம் போய்ச் சேரும். ஏற்கெனவே அங்கே இறால் பிடிக்கிறவர்கள் படுகிற பாடு போதும். ஒரு சொட்டும் என் வீட்டிலிருந்து போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் பழைய பிக்சரைச் சேர்த்து வையுங்கள். அதில் சோப்பு தடவாத மெல்லிய இரும்பு நாரை ஒரு வாரம் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். எக்ஸ்ரே லேப்களில் பழைய ஹைப்போ எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பக்கத்து ஸ்கேன் சென்டரில் விசாரித்தால் சொல்வார்கள். சேற்றையும் தெளிவையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம். அதுவரை கேனை மூடி, படுக்கையறையிலோ சமையலறையிலோ இல்லாமல், குழந்தை கைக்கு எட்டாத லாப்டில் வையுங்கள். மேலே மார்க்கரில் எழுதுங்கள்: பழைய பிக்சர், வெள்ளி இருக்கிறது, யாரும் கொட்ட வேண்டாம்.